உளுவை எழுத்துப்பிழை அல்ல

போன வருடம் ஒரு சின்னக் கட்டுரை எழுதி, வழக்கம்போல மெய்ப்புப் பார்க்க நண்பருக்கு அனுப்பினேன். நல்ல வாசகர் அவர். சங்கப் பாடல் எதைச் சொன்னாலும் திணை துறை சொல்லிவிடுவார். ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் அத்துப்படி. மறுநாள் காலையில் கோப்பு திரும்பி வந்தது. ஏழெட்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்தியிருந்தார். அதோடு, நான் 'உளுவை' என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் 'உழுவை' என்று மாற்றியிருந்தார். திருத்தத்துக்குப் பிறகு என் முதல் பத்தி இப்படி ஆகியிருந்தது: வாய்க்கால் மணலில் கால் வைத்தோம். காலடியிலிருந்து விரல் நீள உழுவை ஒன்று வெடுக்கென்று பாய்ந்து, ஓரடி தள்ளி மறுபடி மணலுக்குள் புதைந்துகொண்டது.

உழுவை என்றால் புலி. ஆலாந்துறை வாய்க்காலில் விரல் நீளப் புலி.

போன் பண்ணினேன். சிரித்து முடித்த பிறகு கேட்டார்: "அப்ப உளுவைன்னு ஒரு வார்த்தை இருக்குதுங்களா?"

"வார்த்தை இருக்கட்டுங்க, மீனே இருக்குது. உக்கடம் மார்க்கெட்ல கேட்டுப் பாருங்க, காட்டுவாங்க."

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு எழுத்து எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. கடைசியாக அன்றாடப் பேச்சில் எப்போது வழங்கியது என்றே தெரியாத, புலவர்களின் ஏட்டில் மட்டும் உயிரோடிருக்கும் ஒரு புலிப்பெயர் அவருக்கு நினைவிருக்கிறது. அவர் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஐஸ் பெட்டியில் கிடக்கிற மீனின் பெயர் எழுத்துப்பிழையாகத் தெரிகிறது. நம் இலக்கியவாதிகளின் சூழலியல் அக்கறை என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதன் நிலைமை மொத்தமும் எனக்கு இந்தத் திருத்தத்தில் தெரிந்தது. உழுவைக்குக் கண்ணீர், உளுவைக்குச் சிவப்பு மை.

*

உளுவை என்பது ஆங்கிலத்தில் கோபி என்று சொல்லும் மீன் குடும்பத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர். உலகின் மிகப்பெரிய மீன் குடும்பங்களில் ஒன்று அது. ஏறத்தாழ 2,000 இனங்கள். பெரும்பாலானவை விரலளவைத் தாண்டாதவை. வயிற்றுப் பக்கத் துடுப்புகள் இரண்டும் ஒட்டிக் கிண்ணம் போல ஆகியிருக்கும். நீந்திக்கொண்டே இருக்கும் மீன் இல்லை இது. தரையில் உட்கார்ந்திருக்கும் மீன். கண் இரண்டும் தலைக்கு மேலே, பக்கம் பக்கமாக. உடம்பு மணல் நிறம், மேலே புள்ளிகள். அசையாதவரை நமக்கு அது மணல்தான்.

நம் ஊர்க் குளத்து உளுவைக்கு அறிவியல் பெயர் வைத்த கதையில் ஒரு கொங்குத் தொடர்பு உண்டு. 1800இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு மருத்துவரை மதராசிலிருந்து மைசூர், கன்னடம், மலபார் வழியாக நாட்டை அளந்து வரச் சொல்லி அனுப்பியது. பெயர் ஃபிரான்சிஸ் புக்கானன். கோயம்புத்தூர்ச் சீமைக்கும் வந்தார். என்ன விளைகிறது, யார் என்ன வரி கட்டுகிறார்கள், மண் எப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டே போனார். 1807இல் அது மூன்று தொகுதிகளாக வந்தது. அதே மனிதர் பிற்காலத்தில் ஹாமில்டன் என்ற பெயரை ஏற்று 1822இல் கங்கை மீன்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். இன்று 'குளோசோகோபியஸ் கியூரிஸ்' எனப்படும் குளத்து உளுவையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியது அந்தப் புத்தகம். கம்பெனிக்கு வரி கணக்குப் பார்க்க வந்தவனுக்கு இருந்த கண் கூட நமக்கு இல்லை என்று சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

குளத்து உளுவையின் உறவுக்காரர்கள் மன்னார் வளைகுடாவில், பவளப்பாறைகளைச் சுற்றியுள்ள மணலில் இருக்கிறார்கள். பவளப்பாறை என்றதும் நம் மனதில் வரும் படம் என்ன? ஆரஞ்சு நிற நீமோ, விசிறி விசிறியாகப் பவளம், நீல வெளிச்சம். அந்தப் படத்தில் கீழே, பவளத்துக்கும் பவளத்துக்கும் நடுவே, ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். அங்கே யாரும் கேமராவைத் திருப்புவதில்லை. அதுதான் இவர்களுடைய வீடு.

அந்த வெள்ளைத் திட்டில் நடப்பதைக் கேளுங்கள். ஒரு வகை உளுவை இறாலோடு கூட்டுக்குடித்தனம் நடத்துகிறது. இறாலுக்குக் கண் பார்வை மட்டம், ஆனால் வளை தோண்டுவதில் கெட்டிக்காரன். உளுவைக்குத் தோண்டத் தெரியாது, கண் கூர்மை. இறால் நாள் முழுக்க மணலை வாரி வாரி வெளியே கொட்டும். கொட்டும்போது அதன் மீசை ஒன்று உளுவையின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து தெரிந்தால் உளுவை வாலைச் சிலுப்பும். சமிக்ஞை கிடைத்ததும் இறால் உள்ளே போய்விடும். ஆபத்து கிட்டே வந்தால் உளுவையும் தலைகீழாக உள்ளே பாயும். இன்னொரு வகை மணலைச் சலித்தே பிழைக்கிறது. வாய் நிறைய மணலை அள்ளி, கண்ணுக்குத் தெரியாத புழுக்களையும் நுண்ணிய ஓட்டுயிர்களையும் உள்ளே நிறுத்திக்கொண்டு, மிச்ச மணலைச் செவுள் வழியே விட்டுவிடும். நம் அம்மாக்கள் முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாளெல்லாம் ஜோடி ஜோடியாக இதைச் செய்துகொண்டிருக்கின்றன. மேல்மணல் புரண்டுகொண்டே இருப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

இவ்வளவு பொடி மீனால் என்ன ஆகிவிடப் போகிறது என்றால், 2019இல் சைமன் பிராண்டலும் கூட்டாளிகளும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது. பவளப்பாறையில் மற்ற உயிர்கள் தின்று தீர்க்கும் மீன் சதையில் ஏறத்தாழ 60 விழுக்காடு, தரையில் ஒளிந்து வாழும் இந்த மாதிரிப் பொடி மீன்களிடமிருந்து வருகிறது என்பது அதன் முடிவு. எந்த நேரத்தில் எண்ணினாலும் இவற்றின் மொத்த எடை கொஞ்சம்தான். ஆனால் பிறந்துகொண்டும் தின்னப்பட்டுக்கொண்டும் இருக்கின்றன. பெட்டிக்கடைக் கல்லாவை எப்போது திறந்து பார்த்தாலும் நானூறு ரூபாய்தான் இருக்கும். அன்றைக்கு அதன் வழியாகப் போன பணம் பல ஆயிரம். உளுவைக் கூட்டத்தில் ஓர் இனத்துக்கு ஆயுசே அதிகபட்சம் 59 நாள்தான். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறையில் வாழும் அதைப் பற்றி 2005இல் ஆய்வு வந்தது. முதுகெலும்பு உள்ள உயிர்களில் இதைவிடக் குறைந்த ஆயுசு அதுவரை பதிவானதில்லை. நாம் ஒரு வீட்டுக்கடனுக்கு அலையும் நேரத்துக்குள் அது பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு, காவல் காத்து, செத்துப்போகிறது.

*

இதையெல்லாம் கடலில் மூழ்கிப் பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். நான் கோயம்புத்தூர்க்காரன். கடல் எனக்கு எட்டு மணிநேர பஸ். கடல் உளுவையை நான் முதலில் பார்த்தது கோவையிலேயே, அலங்கார மீன் கடை ஒன்றில்.

ஐ.டி.யில் கை கொஞ்சம் நிறைந்த வருடம். வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். நாலடித் தொட்டி, நீல விளக்கு, பையில் வாங்கிய வெள்ளை மணல். மூன்றாவது மாதம் மணலில் பழுப்புப் பாசி படிந்தது. கடைக்காரர் ஒரு மீனைக் காட்டினார். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள், பெரிய வாய், சாந்தமான முகம். "சாண்ட் சிஃப்டர் கோபி சார். மணலை அதுவே சுத்தம் பண்ணிக்கும். மெயின்டனன்ஸ் ஃப்ரீ" என்றார். இந்தத் தொழிலில் இவற்றுக்கு 'கிளீனப் க்ரூ' என்று பெயர், துப்புரவுக் குழு. ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்தேன். மீன் வாங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆள் வைத்ததாகத்தான் தோன்றியது.

அது வேலை செய்தது. காலையிலிருந்து விளக்கு அணையும்வரை மணலை அள்ளியது, செவுள் வழியே விட்டது, அள்ளியது, விட்டது. பத்தே நாளில் மணல் பால் மாதிரி ஆகிவிட்டது. படம் எடுத்துப் போட்டேன், நூற்றுச்சொச்சம் லைக்.

அம்மாதான் முதலில் கவனித்தார். "ஏங்கண்ணு, அந்த மீனு நாளுக்கு நாள் எளைச்சுட்டே போவுதே, பாத்தியா?"

"நாள் பூரா தின்னுட்டேதானுங்மா இருக்குது."

"வாய் ஆடறது நெசந்தான். வயித்துல என்ன நிக்குது?"

அந்த ஒரு கேள்வியைக் கேட்க பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை. எனக்குப் பட்டம் இருந்தும் தோன்றவில்லை. பையில் வந்த மணல் கழுவிக் காயவைத்த மணல். அதில் புழு இல்லை, நுண்ணிய ஓட்டுயிர் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் மணலை அது நாளுக்கு ஆயிரம் தடவை வாயில் போட்டுத் தேடிக்கொண்டிருந்தது. உறைந்த இறாலை மேலேயிருந்து போட்டேன். மற்ற மீன்கள் கொத்திக்கொண்டு போயின. இது தரையை விட்டு மேலே வருகிற மீன் இல்லை. ஏழாவது வாரம் வயிறு முதுகோடு ஒட்டிப்போய், வாயில் கடைசி மணலோடு மூலையில் கிடந்தது.

பிறகுதான் படித்தேன்: இந்த வகை உளுவைகள் தொட்டியில் பட்டினியில் சாவது இந்தப் பொழுதுபோக்கில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்தேதான் விற்கிறார்கள், தெரிந்தேதான் வாங்குகிறார்கள். நான் தெரியாமல் வாங்கினேன் என்பது சமாதானம் இல்லை. மணல் என்றால் அலங்காரம், மீன் என்றால் துடைப்பம் என்று நினைத்ததுதான் என் குற்றம்.

*

அந்தக் குற்றத்துக்கு என் வேலையில் ஒரு எண் இருக்கிறது: சுழியம்.

நான் செய்வது கணினிக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலை. ஒவ்வொரு படத்திலும் எது சாலை, எது வண்டி, எது ஆள் என்று புள்ளி புள்ளியாக நிறம் தீட்டிக் கொடுக்க வேண்டும். வண்டிக்கு 1, ஆளுக்கு 2 என்று எண் தருவோம். நமக்கு வேண்டாத எல்லாவற்றுக்கும் 0. அதன் பெயர் 'பேக்கிரவுண்ட்', பின்னணி. கணினி படிப்பது நாம் எதற்கு எண் தந்தோமோ அதை. சுழியத்துக்குள் என்ன இருக்கிறது என்று அது கேட்காது. கேட்காமல் இருக்கத்தான் சுழியம்.

மீன் செத்த வருடம், சொந்த ஆர்வத்தில், இணையத்தில் பொதுவில் கிடைத்த பவளப்பாறைப் படங்களை வைத்து ஒரு சின்ன நிரல் செய்து பார்த்தேன். பவளத்துக்கு 1, மீனுக்கு 2, கடற்பஞ்சுக்கு 3. மணல் 0. வார இறுதிகளில் நானே உட்கார்ந்து நிறம் தீட்டினேன். நிரல் நன்றாக வேலை செய்தது. மதிப்பெண் பிரமாதம். தவறு எங்கே வருகிறது என்று ஒரு இரவு படம் படமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் மணலுக்கு நடுவே பக்கம் பக்கமாக இரண்டு கருப்புப் புள்ளிகள். இன்னும் பெரிதாக்கினேன். கண்கள். அதன் கீழே வாய், புள்ளி போட்ட முதுகு. ஒரு உளுவை நேராக கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் நான் என் கையால் சுழியம் தீட்டியிருந்தேன்.

நிரல் அதைத் தவறாகச் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னது. அங்கே ஒன்றும் இல்லை என்று. அதற்குத்தான் அவ்வளவு மதிப்பெண்.

இந்தச் சுழியம் என் கணினியில் மட்டும் இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. சட்டத்தில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி கட்டுமான மணல் ஒரு 'சிறுகனிமம்'. கரூர்ப் பக்கம் காவிரியில், அமராவதியில் லாரியில் ஏறும்போது அதற்கு 'யூனிட்' என்று பெயர்; ஒரு யூனிட் 100 கன அடி. கனிமத்துக்குள் உயிர் இருக்க முடியுமா? யூனிட்டுக்குள் கண் இருக்க முடியுமா? பெயர் வைக்கும்போதே தீர்ப்பு எழுதியாயிற்று. என் ஃபிளாட்டின் சுவரிலும் எந்த ஆற்று மணலோ இருக்கிறது. நான் இதை வெளியே நின்று எழுதவில்லை.

கடலிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று கணக்கு. பவளமும் சிப்பியும் நொறுங்கிச் சேர்ந்த மணல் திட்டுகள் அவை. கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து அரைத்து வெளியேற்றுவதும் வெள்ளை மணலாகத்தான் கீழே சேர்கிறது. பல பத்தாண்டுகள் அந்தப் பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் வெட்டி எடுத்தார்கள். 1986இல் தேசியக் கடற்பூங்கா ஆன பிறகும் அது நின்றுவிடவில்லை. 2001இல் பவளம் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு வெட்டுவது அடங்கியது. அலையைத் தடுக்கும் பாறை போனதும் மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடி அருகே வான் தீவு 1986இல் சுமார் 16 ஹெக்டேர். 2010களின் நடுவில் சுமார் 2 ஹெக்டேர். இப்போது கான்கிரீட்டால் செயற்கைப் பாறை செய்து இறக்கி அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வெறும் மணல்தானே என்று விட்டதை, கான்கிரீட் போட்டுப் பிடித்து வைக்க வேண்டியதாகிவிட்டது.

*

இனி நம் ஊருக்கு வருவோம். உங்களுக்கு வலிக்கப் போகிற இடம் இதுதான்.

கோவையின் குளங்கள் நொய்யலின் குழந்தைகள். வெள்ளியங்கிரியில் இறங்கும் தண்ணீரைச் சித்திரைச்சாவடி முதலான அணைக்கட்டுகளில் மடக்கி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து, குளத்திலிருந்து குளத்துக்கு விட்ட ஏற்பாடு. கடந்த சில வருடங்களில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி, குறிச்சி என்று வரிசையாக 'மேம்படுத்தினார்கள்'. நடைபாதை வந்தது, விளக்கு வந்தது, 'ஐ லவ் கோவை' பலகை வந்தது. சாயங்காலம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு இடம் கிடைத்தது, நானும் போகிறேன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரை என்பது மெல்லச் சரிந்து, முழங்கால் தண்ணீர், கணுக்கால் தண்ணீர், ஈர மணல், புல் என்று ஏறுகிற இடம். குஞ்சு மீன் பிழைப்பது அங்கேதான். கல் பதித்துச் செங்குத்தாக எழுப்பிய கரையில் அந்த ஓரடித் தண்ணீருக்கு இடம் இல்லை. ஆளுக்கு நடைபாதை கிடைத்தது. உளுவைக்குக் கரை போய்விட்டது.

'தூர்வாருதல்' என்று இன்னொரு சொல். தமிழ்நாட்டில் எந்தக் கட்சிக்காரரும் எதிர்க்காத ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும். தூர்வாரினால் நல்லது, அவ்வளவுதான், விவாதம் முடிந்தது. கோடையில் குளம் வற்றியதும் ஊர் கூடிக் கரம்பை மண் அள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுபோன முறை வேறு. மாட்டுவண்டி போகிற இடத்தில் அள்ளினார்கள்; போகாத இடம் அப்படியே கிடந்தது. பொக்லைன் போகாத இடம் இல்லை. கரைக்குக் கரை ஒரே மட்டமாக வழித்து, தட்டு மாதிரி ஆக்கிவிட்டுப் போகிறது. உளுவை கல்லடியிலும் கட்டையடியிலும் முட்டையை ஒட்டவைத்து, ஆண் பக்கத்திலேயே காவல் கிடக்கும் சாதி. வழித்த தட்டில் எதன் அடியில் ஒட்டவைக்கும்?

எனக்கு இது தெரிவது புத்தகத்தால் மட்டும் இல்லை. அம்மாவின் ஊர் ஆலாந்துறைப் பக்கம். தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளி விடுமுறையில், அப்புச்சி என்னை வாய்க்காலுக்குக் கூட்டிப்போவார். தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருக்கும். நான் தபதபவென்று இறங்குவேன். "மெல்ல வெய்யி சாமி. மணலு சும்மா கெடக்குதுன்னு நெனச்சியா? உள்ள ஆளு இருக்குது" என்பார். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்வார். அப்போதுதான் அது வெடுக்கென்று பாயும். துண்டை விரித்துப் பிடித்தால் நாலைந்து கிடைக்கும். சிலதை விடுவார், சிலதைக் குழம்புக்கு வைத்துக்கொள்வார். 'உள்ள ஆளு இருக்குது' என்ற ஒரு வரியை நான் முப்பது வயதுக்குமேல் ஒரு மீனைப் பட்டினி போட்டுக் கொன்று, ஒரு கண்ணின் மேல் சுழியம் தீட்டி மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

*

இரண்டு மூன்று மறுப்புகள் வரும். வழக்கமாக வருபவை.

முதலாவது: பெரிய விலங்கைக் காப்பாற்றினால் சின்னது தானாகப் பிழைக்கும். புலிக்காகக் காட்டைக் காத்தால் காட்டில் இருக்கும் எறும்புக்கும் அது காப்புதானே என்ற குடை வாதம். இதில் நியாயம் இருக்கிறது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகம் ஆக்கினார்கள். கடற்பசுவுக்காகக் கடற்புல்லைக் காத்தால், அந்தப் புல்லுக்கு நடுவே மணலில் கிடக்கும் மீன்களுக்கும் நல்லதுதான். அதே வருடம் கடவூர் மலையில் தேவாங்குக்குச் சரணாலயம் வந்தது. சின்ன உயிருக்கும் இடம் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் குடை எங்கே விரிகிறது என்று பாருங்கள். சத்தியமங்கலத்தில், ஆனைமலையில், பாக் விரிகுடாவில். நொய்யல் வாய்க்காலில் புலி கிடையாது, கடற்பசு கிடையாது. எந்தக் குடையும் இல்லாத இடத்தில் பெரிய விலங்கு வராத மண் மொத்தமும் வெயிலில் நிற்கிறது. கொங்கு நாட்டின் பெரும்பகுதி அந்த மண்தான்.

இரண்டாவது: ஜனங்களுக்கு வீடு வேண்டாமா, குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டாமா? வேண்டும். மணலே எடுக்காதே, தூரே வாராதே என்று நான் சொல்லவில்லை. எண்ணிவிட்டு எடு என்கிறேன். தூர்வாரும் முன்னால் அந்தத் தரையில் என்ன இருக்கிறது என்று ஒரு மழைக்காலம் பார்த்துக் கணக்கெடுக்கட்டும். குளத்தின் ஒரு ஓரத்தையாவது பொக்லைன் தொடாமல் விடட்டும். ஒரு பக்கக் கரையையாவது கல் பதிக்காமல் சரிவாக விடட்டும். பறவைகளுக்கு ஆண்டுதோறும் கணக்கெடுப்பு நடக்கிறது. தரை மீனுக்கு ஒரு நாள் ஒதுக்க முடியாதா? இதற்கு ஆகும் செலவு ஒரு செல்ஃபி பலகைக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் அது உங்களுடையது, என்னுடையது: உளுவையைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்?

2019இல் சின்னத்தம்பி யானையைத் தடாகத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனபோது நாம் எல்லாரும் எழுதினோம். அது திரும்பி நடந்தே வந்தபோது கவிதையே எழுதினோம். சரிதான், எழுத வேண்டியதுதான். யானை நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. அதற்கு முகம் இருக்கிறது, துக்கம் இருக்கிறது என்று நமக்குப் புரிகிறது. ஆனால் இலக்கியம் என்பது முகம் தெரிகிறவர்களுக்கு மட்டும் என்று யார் சொன்னது? மனிதர்கள் விஷயத்தில் நாம் அப்படி இருப்பதில்லையே. ராஜாவைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கூலிக்காரரைப் பற்றியும் துப்புரவுத் தொழிலாளியைப் பற்றியும் எழுத ஆரம்பித்ததைத்தான் நவீன இலக்கியம் என்று மார்தட்டுகிறோம். விலங்குகள் விஷயத்தில் மட்டும் இன்னும் அரண்மனைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். யானை, புலி, மயில், வரையாடு. மீன் என்றால் 'மீன்'. எந்த மீன்? கவிதையில் நீந்தும் மீனுக்குப் பெயர் உண்டா? ஊர் இருக்கிறதா?

நம் பறவை நண்பர்களின் புகைப்படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம், அதிகாலை வெளிச்சம், அருமையான படம். கீழே 'இரையுடன் நீர்க்காகம்' என்று குறிப்பு. நீர்க்காகத்துக்குத் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், லத்தீன் பெயர் மூன்றும் இருக்கும். அலகில் துடிக்கிறதே அதற்கு 'இரை' என்று பெயர். என் நிரலில் அதற்கு 0.

தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன் உயிரினங்களின் தமிழ்ப் பெயர்களை விட்டுவிடாதீர்கள் என்று நெடுங்காலமாக எழுதிவருகிறார். நாம் அவரை மேடையில் பாராட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து 'கோபி ஃபிஷ்' என்று தட்டச்சு செய்கிறோம். பெயர் போவது மொழிப்பற்றுப் பிரச்சினை மட்டும் இல்லை. பெயர் இருந்தவரை வாய்க்காலில் கால் வைக்கும்போது அப்புச்சி மெல்ல வைத்தார். பெயர் போனதும் அது மணல் ஆகிவிட்டது. மணல் ஆனதும் யூனிட் ஆகிவிட்டது. நடுவில் வேறு படி எதுவும் இல்லை.

அதனால் என் கோரிக்கைகள் சிறியவை. கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் மணல் சலிக்கும் உளுவையை வாங்காதீர்கள். மணலை நீங்களே கழுவுங்கள். குளத்தில் படம் எடுப்பவர்கள் அலகில் இருப்பது என்ன என்று ஒருமுறை மீன்காரம்மாவிடம் காட்டிக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த தமிழ் நமக்குத் தெரிந்ததைவிட அதிகம். கதை எழுதுபவர்கள் அடுத்த கதையில் யாராவது ஆற்றில் இறங்கும்போது காலடியில் என்ன ஓடியது என்று எழுதுங்கள். அது எதற்கும் குறியீடாக இருக்க வேண்டாம். மீனாக இருந்தால் போதும்.

போன மாதம் அதே வாய்க்காலுக்குப் போனேன். அப்புச்சி இல்லை. வாய்க்காலின் ஒரு பக்கம் கான்கிரீட் ஆகியிருந்தது. மறுபக்கம் இன்னும் ஆகவில்லை. ஆகாத பக்கத்தில் இறங்கிக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். பாட்டில் மூடி, சாராயப் பாக்கெட், துணி. அரை மணிநேரம் கழித்து, வலது காலுக்கு முன்னால் ஒரு கைப்பிடி மணல் எழுந்து ஓடி, ஓரடி தள்ளி உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு கண்களும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசியாக, மெய்ப்புப் பார்க்கும் நண்பருக்கு: இந்தக் கட்டுரையில் 'உளுவை' என்று வரும் எந்த இடத்திலும் எழுத்துப்பிழை இல்லீங்க. திருத்த வேண்டாம்.